போர்ட்டிகோவின் மேல் ஒட்டிய கண்ணாடி

ஜூலை 7, ஞாயிறு

இன்று எங்கள் கட்டடத்துச் சுவர்களில் கண்ணாடி ஒட்டினார்கள். மெல்லிய துண்டுகள், என் விரல் நீளம் இருக்கும். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் அப்பி, கண்ணாடி மேலேயே கறுப்பு மார்க்கரில் தேதி எழுதினார்கள். விரிசல் ஒரு மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். இன்ஜினியர் ஷைலஜா மேடம் இதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். நாங்கள் கண்ணாடி என்றே சொல்கிறோம்.

மவுண்ட் ரோடுக்குக் கீழே ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டு வருகிறார்கள். ஆகஸ்ட் மாதம் இயந்திரம் எங்கள் பக்கம் வந்துவிடும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மாடிப்படிச் சுவரில் ஒன்று, நாங்கள் இருக்கும் அறையில் ஒன்று, முன்பக்கப் பெரிய ஹாலில், போர்ட்டிகோவுக்கு நேர் மேலே, கூரையோரம் உயரத்தில் ஒன்று.

உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டார். எல்லோரையும் லாட்ஜில் தங்க வைப்போம், இயந்திரம் தாண்டியதும் திரும்பி வரலாம் என்றார் மேடம். அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“நாம வெளிய போனா ஓனர் பூட்டு போட்டுடுவார். அப்புறம் எங்க திரும்பி வர்றது?”

அப்பா இங்கே வாட்ச்மேன். பெங்களூரில் இருக்கும் ஓனர், கட்டடம் காலியானால் விற்றுவிடலாம் என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார். மாடியின் பின்பக்கத்து அறையில் நாங்கள் வாடகையில்லாமல் இருக்கிறோம். அம்மா கீழே போர்ட்டிகோவில் மத்தியான சாப்பாடு விற்கிறாள். வேறு எந்த இடத்திலும் இந்தக் கூட்டம் வராது.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இருவரும் தூங்கிய பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ரோட்டு விளக்கு வெளிச்சமே போதும்.

ஜூலை 10, புதன்

அவரவர் தெருவின் வரலாற்றை எழுதி வரச் சொன்னார் சமூக அறிவியல் டீச்சர். “உன் தெரு மவுண்ட் ரோடு, தமயந்தி. உனக்கு நோட்டு பத்தாது” என்றாள் பக்கத்தில் உட்காரும் நூருன்னிசா. அவள் தெருவில் மூன்று வீடும் ஒரு ஐஸ் பேக்டரியும்தான்.

நான் எழுதியது இது. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் சாலை. முதலில் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பெரிய பெரிய கடைகள் வந்தன. துரைசானிகள் வெயில் படாமல் நடப்பதற்காகக் கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த நடைகள் கட்டினார்கள். எங்கள் கட்டடம் குதிரைவண்டி செய்து விற்ற ஒரு கம்பெனிக்காகக் கட்டியது. இன்றும் எல்லோரும் கோச் பில்டிங் என்றுதான் சொல்கிறார்கள். சிவப்புச் செங்கல். ஜன்னல்களின் மேல் மசூதி போல வளைவு, உள்ளே கோயில் போலத் தூண், மூலைகளில் கோட்டை போலக் குட்டிக் கோபுரம். எல்லாச் சாமிக்கும் பயந்து கட்டியிருக்கிறார்கள் என்று கீழே பிரேம் கடை வைத்திருக்கும் ஜலீல் பாய் சொல்வார். கூரைக்குத் தேக்கு உத்தரம் போட்டு, அதன் மேல் செங்கல்லை நிற்க வைத்து அடுக்கிச் சுண்ணாம்பு ஊற்றியிருக்கிறார்கள். அதனால் மே மாதத்தில்கூட உள்ளே குளுமையாக இருக்கும்.

படிக்கட்டை ஒட்டி அகலமான சரிவு ஒன்று உண்டு. மாடியில் செய்து முடித்த வண்டிகளை அதன் வழியாக உருட்டி இறக்குவார்களாம். நான் சைக்கிள் பழகியது அந்தச் சரிவில்தான்.

டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று மத்தியானம் அப்பா என்னைப் பெரிய ஹாலுக்குக் கூப்பிட்டார். ஏணி போட்டிருந்தது. கதவை உள்ளே தாழிட்டார். மேலே கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. அப்பா கத்தியால் அதைப் பெயர்த்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்து அதே அளவில் புதுத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“உனக்குக் கையெழுத்து நல்லா வரும். பழசுல இருக்கற மாதிரியே எழுது.”

எழுதினேன். மேடம் 7 என்ற எண்ணைக் கொஞ்சம் சாய்த்து எழுதுவார். நானும் சாய்த்து எழுதினேன். அப்பா பிளாஸ்டர் குழைத்து ஒட்டினார். புது பிளாஸ்டர் வெள்ளையாகத் தெரிந்ததால் தரையிலிருந்த தூசியை எடுத்து அதன்மேல் ஊதினார்.

“பழைய கட்டடம் தமா, கொஞ்சம் அசையத்தான் செய்யும். அம்மாகிட்ட சொல்லாத. அவளுக்கு தூக்கம் வராது.”

எனக்கும் வரவில்லை.

ஜூலை 15, திங்கள்

மேடம் வந்தார். கீழே நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். சரி என்று குறித்துக்கொண்டு போனார்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மா விடியற்காலையிலேயே போர்ட்டிகோ முழுக்கக் கழுவிக் கோலம் போட்டாள். எலுமிச்சை சாதம் ஒரு மணிக்கே தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாப் அதே இடத்தில் இருப்பதால் மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் ஜனங்கள் போர்ட்டிகோவுக்குள் ஒதுங்குவார்கள். ஒதுங்கினால் வாசனை. வாசனை வந்தால் ஒரு பொட்டலம். அம்மாவின் வியாபாரம் அப்படி.

தயிர் சாதம் கொடுக்க ஜலீல் பாய் கடைக்குப் போனேன். அவர் கீழே நடையில் சாமிப் படங்களுக்குப் பிரேம் போடுகிறார். என்னைப் பார்த்ததும், “உங்கப்பா என்ன பாப்பா, கொசுவுக்கெல்லாம் போட்டோ மாட்டறானா? இத்தினிக்கூண்டு கண்ணாடியா வந்து கேக்கறான். நேத்தும் வாங்கினு போனான்” என்றார்.

சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன்.

நேற்றும் என்றால், நேற்றும் உடைந்திருக்கிறது. என்னைக் கூப்பிடாமல் அப்பாவே தேதி எழுதியிருக்கிறார்.

ஜூலை 22, திங்கள்

அப்பா எழுதியதையும் மேடம் கண்டுபிடிக்கவில்லை.

மேடம் பெரிய காகிதத்தில் பழைய வரைபடம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து மாடியில் விரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் கட்டடம்தான், ஆனால் போர்ட்டிகோவில் நடுவே ஒரு தூண் இருந்தது. இப்போது அங்கே தூண் இல்லையே என்றேன். மேடம் அப்பாவைப் பார்த்தார். குதிரைவண்டி போய் மோட்டார் கார் வந்தபோது, கார் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களே அந்தத் தூணை எடுத்துவிட்டு, மேலே குறுக்கே ஒரு இரும்பு உத்தரத்தைக் கொடுத்தார்கள் என்று தனக்கு முன்னால் இருந்த வாட்ச்மேன் சொன்னதாக அப்பா சொன்னார். அப்படியானால் பெரிய ஹால் முழுக்க அந்த ஒரு இரும்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்றார் மேடம்.

“பரவாயில்லை, மேல ஒட்டின கண்ணாடி நல்லாத்தான் இருக்கு” என்று அவரே சொல்லிக்கொண்டு காகிதத்தைச் சுருட்டினார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. பரவாயில்லாமல் எழுதினேன்.

ஜூலை 27, சனி

இயந்திரம் அடுத்த வாரக் கடைசியில் நமக்குக் கீழே வரும் என்றார் மேடம். மூன்று கண்ணாடியும் நன்றாக இருப்பதால் யாரும் வெளியேற வேண்டாமாம். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஜலீல் பாய் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். அம்மா முண்டகக்கண்ணி அம்மனுக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற வேண்டும் என்றாள்.

அப்பா மத்தியானம் மறுபடி ஏணியை எடுத்துக்கொண்டு போனார். இப்போதெல்லாம் ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கிறார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

சாயங்காலம் அம்மா பாத்திரம் கழுவும்போது அண்டாவுக்குள் சிவப்புத் தூள் கிடந்தது. துரு மாதிரி இருந்தது. மிளகாய்த்தூள் கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று அம்மா அலசி ஊற்றினாள்.

மேடத்திடம் சொன்னால் அப்பாவைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களா? தேதி எழுதியது நான். என்னையுமா? சொல்லாமலே எல்லோரும் வெளியே போகிற மாதிரி நடந்தால் நல்லது. ஏதாவது ஒரு கண்ணாடி உடைந்தால் போதும்.

ஜூலை 29, திங்கள்

காலையில் மேடம் வந்தபோது மாடிப்படிக் கண்ணாடி உடைந்திருந்தது.

எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேடம் யாருக்கெல்லாமோ போன் செய்தார். சாயங்காலத்துக்குள் மாடி முழுவதும் காலி செய்ய வேண்டும் என்றார். அப்பா படிக்கட்டில் நின்று அந்தச் சுவரையே ரொம்ப நேரம் பார்த்தார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டாள்.

வலது கட்டைவிரலில் சின்ன காயம். பென்சில் சீவும்போது பட்டது. எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ். அறையில் டிவி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய் தெரிகிறது. பாத்ரூமில்தான் எழுதுகிறேன்.

விரல் வீங்கிவிட்டது. அப்பா பார்த்துவிட்டார். கட்டிலில் உட்கார வைத்து, ஊசியைத் தீக்குச்சியில் காட்டி, காயத்தைக் கிளறினார். உள்ளேயிருந்து ஒரு பொடி வந்தது. அதை நகத்தின் மேல் வைத்து விளக்கில் பார்த்தார். மினுங்கியது.

“பென்சில் சீவும்போதா?”

“ஆமாம்ப்பா.”

அப்பா மஞ்சள் வைத்துக் கட்டினார். பிறகு, “இன்னொரு தடவை வெறும் கையால சீவாத. துணி சுத்திக்கிட்டு சீவு” என்றார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நான் நினைத்தது போல நடக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் கட்டடத்துக்குப் போனேன். மாடிப்படிச் சுவருக்கு வரிசையாக இரும்பு முட்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டியிருக்கிறது. ஆனால் போர்ட்டிகோவும் முன்பக்கக் கடைகளும் திறந்தே இருக்கின்றன. பின்பக்கம்தான் ஆபத்து, முன்பக்கக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பகலில் வியாபாரம் செய்யலாம் என்று மேடமே சொல்லிவிட்டாராம். லாட்ஜிலிருந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் ஸ்டாப் கூட்டமும் அங்கேதான்.

நான் உடைத்தது

வேண்டாம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அப்பா தினமும் காலையிலிருந்து மாலை வரை போர்ட்டிகோவில் நிற்கிறார். அம்மாவுக்குப் பின்னால், தூணில் சாய்ந்துகொள்ளாமல், தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டு. ராத்திரி அம்மா அவர் கழுத்தில் தைலம் தேய்த்தாள். வாட்ச்மேன் வேலை என்றால் வாசலைப் பார்க்க வேண்டும், நீ என்ன விதானத்தில் சினிமா பார்க்கிறாய் என்று கேலி செய்தாள். அப்பாவும் சிரித்தார்.

கடையை எதிர்ப்பக்கம் போட்டால் என்ன என்று அப்பா கேட்டாராம். எதிர்ப்பக்கம் மேற்கு வெயில், எவன் நின்று சாப்பிடுவான் என்றாளாம் அம்மா. அவள் கேட்டது நியாயம். அவளுக்குக் காரணம் சொல்லாமல் வேறு எதைச் சொல்லி நகர்த்துவது?

அப்பா எதற்காக மேலே பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். விழ ஆரம்பித்தால் கத்துவதற்கு. அம்மாவை இழுப்பதற்கு. அம்மாவை இழுத்துவிடுவார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை?

ஆகஸ்ட் 3, சனி

இன்று பாதி நாள்தான் பள்ளிக்கூடம். புத்தகப் பையோடு நேராக மேடம் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனேன். எதிர்ப்பக்கம் நடைபாதையில் இருக்கிறது. மேடம் டப்பாவிலிருந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“மேடம், படிக்கட்டுக் கண்ணாடி தானா உடையல. நான் உடைச்சேன்.”

மேடம் முதலில் சிரித்துவிட்டார். விளையாடும்போது பட்டுவிட்டதா என்றார். இல்லை, கட்டைவிரலால் அழுத்தினேன் என்று விரலில் இருந்த துணிக்கட்டைக் காட்டினேன். எதற்காக என்று கேட்டார். நான் திரும்பி எதிரே போர்ட்டிகோவைப் பார்த்தேன்.

“அப்போ அந்தச் சுவர் அசையவே இல்லை. நல்ல வேளை, சொன்ன” என்று மேடம் டப்பாவை மூடினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “எங்க ஆளுங்க அஞ்சு நாளா தலையைப் பிச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க எல்லாரும் இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

பாதி மட்டும் சொல்லியிருக்கிறேன். பாதி சொன்னதால் இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது எங்களை மறுபடி உள்ளே அனுப்பப் போகிறார். மீதியைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது அப்பா.

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. நான் சாலையைத் தாண்டியதைப் போர்ட்டிகோவிலிருந்து அப்பா பார்த்திருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“மீதியை நான் சொல்றேன், மேடம்” என்றார். “தமா, நீ வெளிய இரு.”

வெளியே இருந்தேன். ஜன்னலுக்கு வலை போட்டிருந்தது. அப்பா கைகட்டி நின்று பேசுவது தெரிந்தது. லாரிகள் போனதால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மேடம் எழுந்தது தெரிந்தது. நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் அப்பாவைத் திட்டவில்லை. மஞ்சள் தொப்பியைக்கூடப் போடாமல் வெளியே ஓடி வந்தார். போனில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். விசில் ஊதிக்கொண்டே சாலையைக் கடந்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களை விரட்டினார்கள். ஜலீல் பாய் முருகன் படம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னும் பணம் தராத படம் இது என்று முனகியபடி வெளியே வந்தார். அம்மா மட்டும் நகரவில்லை. அண்டாவில் பாதி சாம்பார் சாதம் இருந்தது. எதற்கு என்று சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்றாள். அப்பா போய் அவள் கையைப் பிடித்தார்.

“எழுந்திரு பூங்காவனம். மேல இருக்கற கண்ணாடி மூணு வாரமா உடைஞ்சுக்கிட்டே இருக்கு. நான்தான் மாத்தி மாத்தி ஒட்டினேன்.”

அம்மா மேலே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. எழுந்து சாலையைக் கடந்து வந்துவிட்டாள். அண்டா அங்கேயே இருந்தது.

மாடிப்படியிலிருந்த முட்டுகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்து போர்ட்டிகோவில் நிறுத்தினார்கள். போலீஸ் வந்து பஸ்களை வேறு பக்கம் திருப்பிவிட்டது. மவுண்ட் ரோடில் எங்கள் முன்னால் மட்டும் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன், அந்தக் கட்டடத்தின் முகத்தை முழுசாக இன்றுதான் பார்த்தேன். போர்ட்டிகோவின் நடுப்பகுதி கொஞ்சம் தொய்ந்திருந்தது. துணி காயப்போட்ட கயிறு மாதிரி. தினமும் அதன் கீழேயே நடந்ததால் தெரியாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று உத்தரத்தைச் சுற்றியிருந்த காரையைக் கொத்திப் பார்த்தார்களாம். இரும்பு அப்பளம் மாதிரி அடுக்கு அடுக்காக உரிந்து வந்ததாம். முட்டு கொடுத்த பிறகும் ஒரு விரற்கடை இறங்கி, முட்டின் மேல் உட்கார்ந்துகொண்டதாம். முட்டு இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மேடத்திடம் கேட்கவில்லை.

அப்பாவைப் போலீஸில் கொடுக்கவில்லை. ஆனால் கண்ணாடி எந்தெந்த நாளில் உடைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மேடம் இப்போது அப்பாவிடம் பேசும்போது முன்பு போல அண்ணா என்று சொல்வதில்லை. என்னிடம் மட்டும் விரல் ஆறிவிட்டதா என்று கேட்டார்.

பெங்களூரிலிருந்து ஓனர் போன் செய்தார். அப்பா பேசியதெல்லாம், சரிங்க, சரிங்க, சாவியைக் கொடுத்துடறேங்க.

ஆகஸ்ட் 8, வியாழன்

அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள். தலை பின்னிவிடுகிறாள். பேசுவதில்லை.

இன்று ராத்திரி சாப்பிட்ட தட்டை எடுக்கும்போது கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

“அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். பிரேம் கடை பாய்க்கே பாதி தெரியும். அதுக்குக் கீழே தினம் உட்கார்ந்திருந்தவ நான். என்கிட்ட மட்டும் சொல்லணும்னு யாருக்கும் தோணலையா?”

பயந்துவிடுவாய் என்று நினைத்தோம் என்றார் அப்பா.

“நான் பயந்திருந்தா எழுந்து போயிருப்பேனே” என்றாள் அம்மா.

தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புதுப்பேட்டையில் வீடு கிடைத்தது. ஒரே அறை. கீழே பழைய கார்களைப் பிரித்துப் போடும் கடை, நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். அப்பாவுக்குப் பக்கத்துத் தெரு குடோனில் வேலை. அம்மா கோச் பில்டிங்குக்கு எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியும் பெரிய குடையும் போட்டிருக்கிறாள். வெயில்தான். கூட்டம் பாதிதான். ஜலீல் பாய் அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாப்பிட வருகிறவர்களிடம் பிரேம் ஆர்டர் பிடிக்கிறார். கட்டடத்தை இடிப்பார்களா, பழைய தூணை மறுபடி வைப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. இயந்திரம் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் கவனிக்கவே இல்லை.

இன்று காலை சாமான்களை இறக்கினோம். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். சுவரை விரலால் தடவினார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார்.

“பூங்காவனம்” என்று கூப்பிட்டார். “இங்க ஒரு விரிசல் இருக்கு.”

அம்மா ஈரக் கையோடு எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் முகத்தை ஒட்டி, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

“சுண்ணாம்பு விட்டிருக்கு. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அரிசிக்குத் திரும்பினாள்.

நானும் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புதான்.